மழை, சாணி, மாமியார் கடிதம்

மிஷனரி என்றதும் உங்கள் மனசில் என்ன படம் வருகிறது? கூடையைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பி, நெஞ்சு வரை தாடி, கையில் கறுப்புப் புத்தகம், பின்னால் ஒரு பெரிய மரம். திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடங்களில் ஹெட்மாஸ்டர் ரூமில் இப்படி ஒருவர் கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருப்பார். லேட்டாக வருகிறவர்கள் அவருக்கு முன்னால்தான் வரிசையாக நிற்க வேண்டும். அந்த வகையில் அவரை நீண்ட நேரம் தரிசித்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர்.

அந்தப் படங்களில் ஒரு குறை உண்டு. அவர் வீட்டில் மத்தியானம் என்ன சமையல், குழந்தைக்கு ஜுரம் வந்தால் ராத்திரி முழித்தது யார், மாசக் கடைசியில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் ஃப்ரேமுக்குள் வராது. சுவரில் மாட்டுகிற தியாகிக்குப் பசி, ஜலதோஷம், மாமியார் எதுவும் இருக்கக் கூடாது என்று யாரோ தீர்மானம் செய்திருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கேள்விகளெல்லாம் வந்தது 2018-ல். வந்ததற்குக் காரணம் பக்தி அல்ல. நான் கிறிஸ்தவன்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் உள்ள கிறிஸ்தவன். பிரசங்கம் பத்து நிமிஷம் நீண்டால் வாட்சைப் பார்ப்பேன். விஷயம் என் தம்பியைப் பற்றியது.

பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியாராக ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று ஒரு நாள், "போட்ஸ்வானாவுக்குப் போகிறேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு ஊழியமும் செய்யப் போகிறேன்" என்று அறிவித்தான். தனியாக அல்ல. பெண்டாட்டி, நாலு வயசுப் பெண் குழந்தை சகிதம். சம்பளம் இங்கே வாங்கியதைவிடக் கொஞ்சம் அதிகம். ஊழியம் என்ற பெயரில் அதில் ஒரு பகுதி அங்கேயே கரைந்துவிடும் என்பதையும் அவனே பெருமையாகச் சொன்னான்.

அம்மா எனக்குப் போன் போட்டாள்.

"ஏல, நீ மூத்தவன். அவன்கிட்ட பேசி நிறுத்து. ஊழியம் பண்ணணும்னா இங்க ஆளா இல்ல? பாளையங்கோட்டையில பாவிகளே கிடையாதா?"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தே எங்கள் தெருவில் நாலைந்து பேர் உண்டு.

தம்பியிடம் பேசினேன். "அண்ணே, நீ எதுவும் சொல்றதுக்கு முன்னால இதைப் படி" என்று இரண்டு பழைய புத்தகங்களை என் போனுக்கு அனுப்பிவிட்டான். இரண்டும் ராபர்ட் மொஃபட் என்கிற மிஷனரி குடும்பத்தைப் பற்றியவை. ஒன்று அவரே 1842-ல் எழுதியது. இன்னொன்று அவருடைய மகன், அப்பா அம்மா இருவரின் கடிதங்களையும் வைத்து 1885-ல் எழுதியது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இலவசம். தம்பி எப்போதுமே சிக்கனக்காரன்.

தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு மின்சார ரயிலில் போக வர எனக்குத் தினம் இரண்டு மணி நேரம். ஜன்னல் சீட் கிடைத்த நாட்களில் உட்கார்ந்தும், கிடைக்காத நாட்களில் தொங்கிக்கொண்டும் படித்தேன். என் நோக்கம் சுத்தமான வக்கீல் நோக்கம். 'பாருடா, அங்கே போனவர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள்' என்று அவன் கொடுத்த புத்தகத்தையே வைத்து அவனை மடக்க வேண்டும்.

கஷ்டங்கள் கிடைத்தன. கூடவே வேறு சிலதும் கிடைத்தன.

மொஃபட் ஸ்காட்லாந்துக்காரர். 1795-ல் பிறந்தவர். தொழில், தோட்ட வேலை. இங்கிலாந்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தபோது முதலாளியின் மகள் மேரி ஸ்மித்தோடு காதல். தமிழ் சினிமா மாதிரி இருக்கிறதா? கதையும் அப்படித்தான் போகிறது. 'ஆப்பிரிக்காவுக்கா? எங்கள் பெண்ணை அனுப்ப மாட்டோம்' என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். 1816-ல் அவர் மட்டும் தனியாகக் கப்பல் ஏறினார். மேரி வீட்டை விட்டு ஓடவில்லை; சண்டை போடவும் இல்லை. காத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு மேல் போனதும் பெற்றவர்கள் இறங்கி வந்தார்கள். 1819 டிசம்பரில் கேப் டவுனில் கல்யாணம்.

அங்கிருந்து உள்நாட்டுக்கு மாட்டு வண்டிப் பயணம். வாரக் கணக்கில் வறண்ட நிலம். போய்ச் சேர்ந்த இடம் குருமான் ஆற்றங்கரை. இன்றைய தென்னாப்பிரிக்காவின் வடக்கு ஓரம். செட்ஸ்வானா பேசும் மக்கள். அடுத்த ஐம்பது வருடத்தில் பெரும்பகுதி அவர்களுக்கு அங்கேயே கழிந்தது.

ரயில் பல்லாவரம் தாண்டும்போது மேரி ஊருக்கு எழுதிய ஒரு கடிதத்தைப் பற்றிய பகுதி வந்தது. என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? வாரத்துக்கு ஒரு தடவையாவது வீட்டுத் தரையைச் சாணி போட்டு மெழுகுகிறோம், கேட்க வேடிக்கையாக இருக்கும் என்று! இன்னொரு மிஷனரி வீட்டுப் பெண் செய்வதை முதலில் பார்த்தபோது, இந்த அசிங்கத்தை நம்மால் சகிக்கவே முடியாது என்று நினைத்தாராம். கொஞ்ச நாளிலேயே மனசு மாறிவிட்டது. தூசி அடங்குகிறது, தெள்ளுப்பூச்சி சாகிறது, வீடு பளிச்சென்று இருக்கிறது. கடைசியில் எப்போதடா சனிக்கிழமை வரும் என்று காத்திருக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். எங்கள் பாட்டி கேட்டிருந்தால், "இதைச் சொல்லவா அந்தம்மா கப்பலேறிப் போனா?" என்றிருப்பாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கற்றுக் கொடுக்கப் போன குடும்பம், போன இடத்தில் முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருக்கிறது. அதுவும் முழங்கால் போட்டு. பணிவு என்று பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதன் நிறமும் வாசனையும் இப்படி இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை.

அடுத்த பாடம் பாஷை. மொஃபட்டுக்கு ஆரம்பத்தில் செட்ஸ்வானா தெரியாது. டச்சு மொழியில் பேசுவார். ஒரு மொழிபெயர்ப்பாளர் அதை மாற்றிச் சொல்லுவார். 'ஆத்துமாவின் இரட்சிப்பு மிகப் பெரிய விஷயம்' என்று ஒரு நாள் உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். டச்சில் விஷயத்துக்கும் சாக்குமூட்டைக்கும் சொல் கிட்டத்தட்ட ஒன்று. மொழிபெயர்ப்பாளர் தயங்காமல், 'ஆத்துமாவின் இரட்சிப்பு மிகப் பெரிய சாக்கு' என்று அறிவித்துவிட்டார்! ஜனங்கள் அந்தச் சாக்கை எங்கே இறக்கப் போகிறார்கள் என்று பார்த்திருப்பார்கள்.

மனுஷன் என்ன செய்தார்? மொழிபெயர்ப்பாளர் மேல் எரிந்து விழுவதோடு நிறுத்தாமல், டச்சு தெரிந்த ஆளே இல்லாத பகுதிக்குப் போய் அந்த மக்களோடேயே தங்கிப் பாஷை கற்றார். அந்த நாட்களில் மேரி கைக்குழந்தையோடு குருமானில் தனியாக இருந்தார். புத்தகம் இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. என் பெண்டாட்டி அவள் அம்மா வீட்டுக்குப் போய் நான் நாலு நாள் தனியாக இருந்தால் அதற்கு நான் இரண்டு பக்கம் எழுதுவேன்.

இப்போது திருட்டுக்கு வருவோம். மிஷன் வீட்டில் எதையும் வெளியே வைக்க முடியாது. கருவிகள் போகும். ஆடு மாடு போகும். ஒரு நாள் அடுப்பில் கறி வேகிறது என்று நம்பிப் பிரார்த்தனைக்குப் போய்விட்டு வந்து மூடியைத் திறந்தால் கறி இல்லை. சட்டிக்குள் ஒரு கல் வெந்துகொண்டிருக்கிறது! திருடினவனுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. ஹாமில்டன் என்கிற சக மிஷனரி, அரை நாள் உட்கார்ந்து கையால் மாவு அரைத்து, ஒரு வாரத்துக்குக் காணும்படி ஒரே பெரிய ரொட்டியாகச் சுட்டு வைத்துவிட்டு ஆராதனைக்குப் போனார். திரும்பி வந்தால் ரொட்டி இல்லை.

ஒரு தடவை மேரி, சமையல்கட்டில் வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம், 'கோயிலுக்குப் போகும் நேரம், வெளியே வாம்மா, கதவைச் சாத்த வேண்டும்' என்று தன்மையாகச் சொன்னார். அந்தப் பெண் ஒரு விறகுக் கட்டையைத் தூக்கி ஓங்கினாள். மேரி ஒரே ஓட்டமாகக் கோயிலுக்கு ஓடிவிட்டார். ஆபத்தில் ஆண்டவரிடம் ஓடுவது என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் நான் படித்ததில்லை. சமையல்கட்டு அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கே சொந்தம்.

தண்ணீர்ச் சண்டையும் உண்டு. ஆற்றிலிருந்து சில மைல் தூரம் வாய்க்கால் வெட்டித் தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வழியில் இருந்த பெண்கள் வாயை வெட்டித் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். மொஃபட்டும் ஹாமில்டனும் முறை வைத்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் மண்வெட்டியோடு நடந்து போய் மறுபடி திருப்பி, ராத்திரியில் செடிக்குப் பாய்ச்சுவார்கள். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று பழகிய சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் ஊர், அவர்கள் ஆறு. நேற்று வந்தவன் வாய்க்கால் வெட்டினால் சும்மா இருப்பார்களா?

இந்த இடத்தில் என் வக்கீல் மூளை குறிப்பு எடுத்தது: 'கல், கட்டை, தண்ணீர். தம்பிக்குச் சொல்ல வேண்டும்.' ஆனால் ஒன்று உறுத்தியது. கறி போன அடுத்த வாரமும் அதே சமையல், அதே மணி, அதே ஆராதனை. கசந்துகொண்டே செய்யவில்லை என்பது கடிதங்களில் தெரிகிறது. ஆபீசில் என் ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு போனவனோடு நான் மூன்று மாசம் பேசியதில்லை.

மழைக் கதை இன்னும் பெரிசு. கடும் வறட்சி. தூரத்திலிருந்து ஒரு மழைத் தருவிப்பாளரை மரியாதையோடு அழைத்து வந்தார்கள். நாள் ஆக ஆக அவர் நிபந்தனைகளைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு முடிகூடக் குறையாத குரங்கு வேண்டும் என்றார். ஆட்கள் மலை ஏறித் துரத்தி, உருண்டு பிரண்டு ஒன்றைப் பிடித்து வந்தார்கள். பார்த்தவர், 'வாலில் முடி போயிருக்கிறதே' என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். நம் ஆபீஸ்களில் 'இந்த ஃபாரத்தில் ஒரு கையெழுத்து குறைகிறதே' என்பார்கள் அல்லவா, அதே தொனி.

கடைசியில் பழி மிஷனரிகள் மேல் விழுந்தது. கோயில் மணிச் சத்தம்தான் மேகத்தை விரட்டுகிறது என்றார்கள். ஊரை விட்டுப் போகச் சொல்லி ஈட்டியோடு வந்து நின்றார்கள். மொஃபட் சட்டையைத் திறந்து நெஞ்சைக் காட்டி, 'வேண்டுமானால் குத்துங்கள், நாங்கள் போவதாக இல்லை' என்றார். குடிசை வாசலில் கைக்குழந்தையோடு நின்று மேரி பார்த்துக்கொண்டிருந்தார். இவர்களுக்குப் பத்து உயிர் இருக்கும் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் திரும்பிவிட்டார்கள்.

ஈட்டிக் காட்சியைத்தான் ஞாயிறு பள்ளியில் கதையாகச் சொல்லுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது இன்னொன்று. மழை வராத கோபத்தில் ஜனங்கள் அந்த மழைக்காரரையே கொல்லப் பார்த்தபோது, அவருக்காகப் போய் வாதாடி உயிரைக் காப்பாற்றியவர் மொஃபட். தன்னைப் பற்றிக் கோள் சொன்ன ஆள் மாட்டிக்கொண்டால் நாம் என்ன செய்வோம்? டீக்கடையில் பார்ட்டி வைப்போம்.

முழுக்கப் புகழ்ந்துவிடவும் முடியாது. அந்த மக்களுக்குக் கடவுள் என்ற எண்ணமே இருந்ததில்லை என்று மொஃபட் எழுதுகிறார். ஆனால் கடவுளுக்கு அவர் தன் மொழிபெயர்ப்பில் போட்ட 'மொடிமோ' என்ற சொல்லே அந்த மக்களுடையதுதான்! சாணி மெழுகக் கற்றுக்கொண்ட வீட்டிலும் கற்றுக்கொள்ளாமல் விட்ட விஷயங்கள் இருந்திருக்கின்றன.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். வருடங்கள் ஓடின. ஒருவர்கூட ஞானஸ்நானம் பெறவில்லை. மொஃபட்டே சோர்ந்து போனார். தெம்பு சொன்னவர் மேரி. இங்கிலாந்திலிருந்து ஒரு தோழி, 'உனக்கு என்ன அனுப்பட்டும்?' என்று கடிதம் எழுதிக் கேட்டார். நீங்களாக இருந்தால் என்ன கேட்பீர்கள்? நானாக இருந்தால் நல்ல பூட்டு ஒன்று, கறிச்சட்டிக்கு. மேரி கேட்டது திருவிருந்துப் பாத்திரங்கள். 'ஒரு நாள் தேவைப்படும், அனுப்பி வை.' வாங்கிக் குடிக்க ஒரு ஆள் கிடையாது. கிண்ணம் மட்டும் ஆர்டர் போட்டாயிற்று!

அந்தக் காலத்துக் கப்பல் தபால். 1829-ல் நிலைமை மாறியது. ஆறு பேர் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றார்கள். முதல் திருவிருந்துக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முன்பாக, கடைசி நேரத்தில், அந்தப் பெட்டி குருமானுக்கு வந்து சேர்ந்தது.

இதைப் படித்தபோது ரயில் கோட்டையில் நின்றுகொண்டிருந்தது. நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் அதுதான். பீச் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். மஸ்டர் ரோலில் லேட்.

விசுவாசம் என்றால் மலையைப் பெயர்ப்பது, கடலைப் பிளப்பது என்றே கேட்டு வளர்ந்தவன் நான். ஆள் வருவதற்கு முன்னால் பாத்திரத்துக்குச் சொல்லி வைப்பதும், அது வருகிற வரைக்கும் சனிக்கிழமை தவறாமல் தரையை மெழுகுவதும் விசுவாசம் என்றால், அது என்னைப் போன்ற ஆபீஸ் ஆசாமிக்கும் கொஞ்சம் எட்டக்கூடிய தூரத்தில் இருக்கிறது.

ஆனால் வக்கீலுக்குரிய சாட்சியும் கடைசியில் கிடைத்துவிட்டது. அது ஒரு மாமியார் கடிதம்.

மொஃபட் தம்பதியின் மூத்த மகள் பெயரும் மேரி. அவர் 1845-ல் கட்டிக்கொண்டது டேவிட் லிவிங்ஸ்டனை. ஆம், அந்த லிவிங்ஸ்டன்தான். சிங்கம் கடித்த கையோடு குருமானுக்கு வந்து, பாதாம் மரத்தடியில் பெண் கேட்டவர். மருமகன் சும்மா இருக்கிற ஆள் அல்ல. 1850-ல் மனைவி குழந்தைகளோடு பாலைவனத்தைக் கடந்து ஏரி பார்க்கப் போனார். திரும்பி வந்து பிறந்த பெண் குழந்தை எலிசபெத், ஆறு வாரத்தில் இறந்துபோனது. மறு வருடம் மறுபடி கர்ப்பமாக இருந்த மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். மாமியார் எழுதினார் பாருங்கள் ஒரு கடிதம். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தது போதாதா, உலகம் என்ன சொல்லும், இது என்ன நியாயம் என்று வரிக்கு வரி சவுக்கு. லிவிங்ஸ்டன் அந்தக் கடிதத்தைத் தன் நாட்குறிப்பில் அப்படியே நகல் எடுத்து வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு, கிளம்பியே போனார். வழியில் ஆற்றங்கரையில் பிரசவம்.

1852-ல் மனைவி மக்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு அவர் ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்தார். உலகப் புகழ் கிடைத்தது. மேரி லிவிங்ஸ்டன் பணமும் நிம்மதியும் இல்லாமல் பிரிட்டனில் திண்டாடினார். 1862-ல் ஜாம்பெசி ஆற்றங்கரையில் ஷுபங்கா என்ற இடத்தில் காய்ச்சலில் இறந்தார். குருமானில் இருந்த தாய்க்கு அந்தச் செய்தியையும் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தாய் யார்? வாங்க ஆளே இல்லாதபோது பாத்திரம் கேட்டவர். ஆறு வயசு மகனைக் கப்பல் பயணத்தில் பறிகொடுத்தவர். விசுவாசம் போதாது என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அவரேதான் மருமகனைப் பார்த்து, 'அழைப்பு உனக்கு வந்தது சரி, அதற்குக் கட்டணம் கட்டுகிறது யார்?' என்கிற கேள்வியைக் கேட்டார். கடவுள் பெயரைச் சொல்லிவிட்டால் வீட்டுக் கணக்கு தானாக நேராகிவிடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கம்பெனி கூப்பிடுகிறது என்று குழந்தையின் பிறந்த நாளை மறந்துவிட்டு ஓடுகிறோமே, நமக்கும் சேர்த்து எழுதின கடிதம் அது.

நான் தம்பியைக் கூப்பிட்டேன். "போகாதேன்னு சொல்ல மாட்டேன். ஆனா மூணு விஷயத்துக்குப் பதில் சொல்லிட்டுப் போ. பிள்ளைக்கு உடம்புக்கு வந்தா எங்கே காட்டுவே? அது எங்கே படிக்கும்? உன் பெண்டாட்டி முடியலைன்னு சொன்னா அன்னைக்கே திரும்பி வருவியா?"

முதல் இரண்டுக்குப் பதில் எழுதி வைத்திருந்தான். மூன்றாவதற்கு ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வருவேண்ணே" என்றான். போனைப் பிடுங்கி அவன் மனைவி, "அத்தான், இது நான் கேட்டு நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு நிம்மதி வந்தது.

அம்மாவிடம் நான் எதையும் வாதாடவில்லை. மேரியின் பெற்றோர் கதையையும் மாமியார் கடிதத்தையும் தமிழில் படித்துச் சொன்னேன். கடிதம் வந்ததும், "அந்தம்மா நல்லாக் கேட்டிருக்கா" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய்க் கருப்பட்டியும் புளியும் வாங்கி வந்து, "எத்தனை கிலோ கொண்டு போக விடுவான்?" என்றாள். அவ்வளவுதான். அது சம்மதம்.

போய்ச் சேர்ந்ததும் தம்பியின் சேதிகள் வாட்ஸப்பில் வர ஆரம்பித்தன. அங்கே சோளத்தை மாவாக்கிப் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுகிறார்களாம். 'டிங்' என்று பெயர். "அம்மா, நம்ம கூழுதான், மோர்மிளகாய் மட்டும் இல்ல" என்றான். எதைக் கொடுத்தாலும் இரண்டு கையால் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வலது கையை இடது கையால் தாங்கிக் கொடுக்க வேண்டும். மரியாதை. குழந்தைதான் வீட்டில் முதலில் செட்ஸ்வானா பேசியது. தம்பி செய்கிற தப்புகளைத் திருத்துகிற உத்தியோகமும் அதற்கே. அந்த நாட்டுப் பணத்துக்குப் பெயர் 'பூலா'. அர்த்தம், மழை. மொஃபட் வீட்டு வாசலில் ஈட்டியோடு வந்து நின்றது எதற்காக என்று அந்த ஒரு சொல்லில் எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு ஞாயிறு, தலைநகர் கபொரோனேக்குப் பக்கத்தில் கொலொபெங் என்ற இடத்துக்குப் போய்வந்ததாகப் படம் அனுப்பினான். லிவிங்ஸ்டன் குடும்பம் குடியிருந்த இடம். வீட்டின் அஸ்திவாரக் கற்கள் மட்டும் மிச்சம். பக்கத்தில் ஒரு சின்னக் கல்லறை. அந்த ஆறு வாரக் குழந்தை எலிசபெத்தினுடையது. படத்தோடு ஒரு வரிகூட எழுதவில்லை. அம்மா அந்தப் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்குக் காய்ச்சல் ஊசியெல்லாம் போட்டாச்சான்னு கேளு" என்றாள்.

2020-ல் வருவதாக இருந்தார்கள். கொரோனாவில் விமானமே நின்றுபோயிற்று. வந்தது 2022 டிசம்பரில். இதில் எனக்குத் தெரியாத ஒரு விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. 2018-ல் அவர்கள் கிளம்பிய மறுநாளே அம்மா டெய்லரிடம் போய், ஆறு வயசுப் பெண்ணுக்கு அளவு குத்துமதிப்பாகச் சொல்லி, உள்ளே மடிப்பு வைத்து ஒரு பட்டுப் பாவாடை தைத்து வைத்திருக்கிறாள். போகவே கூடாது என்று அழுத அதே அம்மா. பீரோவில் நாலு வருஷம் நாப்தலீன் உருண்டையோடு காத்திருந்த பாவாடை.

ஆறு வயசுக்குத் தைத்தது. பேத்திக்கு எட்டு வயசு. மடிப்பையெல்லாம் பிரித்த பிறகும் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிக்கொண்டு நின்றது. அதைப் போட்டுக்கொண்டுதான் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு வந்தாள். எனக்கு அன்றைக்குப் பிரசங்கம் எத்தனை நிமிஷம் என்று தெரியாது. வாட்சைப் பார்க்கவில்லை.

போன வாரம் அம்மாவிடம் பேசினேன். தம்பி குடும்பம் அடுத்த தடவை எப்போது வரும் என்று இன்னும் முடிவாகவில்லை.

"வரட்டும்ல" என்றாள். "தாவணி எடுத்து வச்சிருக்கேன்."